மேலே ஓர் இடம் காலியானால்

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பொறியியல் கலந்தாய்வுக்கு அப்பாவின் எண்ணைக் கொடுத்த பிள்ளைக்கு ஓ.டி.பி. வந்தால், அவர் வேலை முடிந்து வெளியே வரும்வரை அது போனிலேயே கிடக்கும். தற்காலிக ஒதுக்கீட்டை உறுதிசெய்யத் தருவதோ இரண்டே நாள். விண்ணப்பிக்கும்போதே வீட்டில் இருப்பவரின் எண்ணைக் கொடுப்பது நல்லது.

கேட்ட கல்லூரி கிடைக்காவிட்டால் "நமக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறோம். ஆட்டம் அங்கே முடிவதில்லை. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டே, விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே எழுதிய கல்லூரிகளுக்கும் காத்திருக்கலாம். இடம் கிடைத்தும் கெடுவுக்குள் சேராதவர்களின் இடங்களை இப்படிக் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் முறை 2022-இல் வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம் என்பதுதான். சிபாரிசுக்கு வேலையில்லை, தரவரிசையும் இட ஒதுக்கீடும்தான் பேசும். நம் கையில் இருப்பது பட்டியல் மட்டும். அதை நீளமாக, ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுத வேண்டும். 'இதெல்லாம் நமக்கு எங்கே' என்று ஒரு கல்லூரியை எழுதாமல் விட்டால், அங்கே இடம் காலியானாலும் உங்கள் பெயர் வராது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி. அதில் சேர்ந்தால் கட்டணம் அரசின் பொறுப்பு.

பொதுக் கலந்தாய்வு முடிந்த பிறகு துணைக் கலந்தாய்வும் நடக்கும். சேரும் கல்லூரி உறுதியாகும்வரை அசல் சான்றிதழ்களை அவசரப்பட்டு எந்தக் கல்லூரியிலும் ஒப்படைத்துவிடாதீர்கள்.