எடுத்த முடியும் கொடுத்த முடியும்

மெர்சிங் சின்ன ஊர். தியோமான் தீவுக்குப் படகு ஏற வரும் வெள்ளைக்காரர்கள் எந்தக் கோலத்தில் வந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் படிவம் 5 முடித்த கையோடு நான் தலையின் இரண்டு பக்கமும் வழித்து, நடுவில் சேவல் கொண்டை மாதிரி முடியை நிறுத்திச் சிவப்புச் சாயம் பூசியபோது ஊரே பேசியது. கோயிலில் அன்னதான வாளியைத் தூக்கப் போன என்னை ஒரு பெரியவர் தடுத்தார். "தம்பி, இந்தத் தலையோட பரிமாறாதே." வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "நாளைக்கு மொட்டை. இல்லேன்னா வீட்டுப் படி ஏறாதே."

முடி போனது, கோபம் போகவில்லை. நான்கு வருஷம் கோயில் பக்கமே போகவில்லை.

அது 2011 டிசம்பர். அதே மாதம் இந்தோனேசியாவின் அச்சேயில் இசை நிகழ்ச்சிக்கு வந்த 60-க்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைப் போலீஸ் பிடித்து, தலையை மழித்து, திருத்துவதற்கு என்று முகாமுக்கு அனுப்பியது. படத்தில் அந்த முகங்களைப் பார்த்தேன். யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு வேலைக்காகக் கோலாலம்பூர் போனேன். அங்கே 'ஃபூட் நாட் பாம்ஸ்' என்ற பெயரில் பங்க் இளைஞர்கள் சைவச் சாப்பாடு சமைத்து, தெருவில் படுப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நம்ம அன்னதானம்தானே இது! கொண்டையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வெங்காயம்கூட நறுக்காதவர்களும் உண்டு. உண்மையைச் சொன்னால், அதுவரை நானும் அந்த ரகம்தான்.

அப்போதுதான் காரைக்கால் அம்மையாரை நினைத்தேன். ஊர் மெச்சிய அழகை உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள் என்கிறது பெரியபுராணம். அதைவிடப் பெரிய கலகம் எது? ஆனால் ஊரைப் பயமுறுத்த அவர் அதைக் கேட்கவில்லை. அழகைவிடப் பெரிதாக ஒன்றைக் கண்டதால் தானாகவே கொடுத்துவிட்டார்.

குழந்தைக்கு மொட்டை போடும்போது சம்மதம் கேட்கிறோமா என்று அப்பா கேட்பார். நியாயம்தான். ஆனால் 17 வயதில் கொடுக்க வேண்டியதைப் பிள்ளைதான் கொடுக்க வேண்டும். பிடுங்கினால் அது தண்டனை, கொடுத்தால்தான் காணிக்கை. கத்தி என்னவோ ஒன்றுதான். கலகக்காரனுக்கும் இதே கேள்வி உண்டு: எதை எதிர்க்கிறாய் என்பது சரி, எதைக் கொடுக்கிறாய்?

அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்த வருஷம், யாரும் சொல்லாமல் நானே மொட்டை போட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. என் தலையில் சந்தனம் மட்டும் பூசிவிட்டார்.

போன மாதம் கோயிலில் ஒரு பையன், நீலச் சாயம் பூசிய நீள முடியோடு, வாளிப் பக்கம் தயங்கி நின்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாளியை அவனிடம் நீட்டினேன்.

"முடியை நல்லா கட்டிக்கோ தம்பி, சோத்துல விழுந்திடும்."