வாயில்லா உயிரும் வினைப் பொறுப்பும்

வலி என்பது உயிர்களுக்கு இயற்கை அளித்த காவல். காலில் நோவுள்ள குதிரை நொண்டுவது, "என்னை ஓட்டாதீர்" என்று அது பேசும் மொழி. அம்மொழியை மருந்தால் அடக்கி அதனை ஓடச் செய்தால் குற்றம் யாரைச் சாரும்? ஊசியிட்டவரையா, இடச் சொன்னவரையா, கவனியாதிருந்த பயிற்சியாளரையா, பணங்கட்டி ஆரவாரித்தவரையா?

2017ஆம் ஆண்டு பெங்களூருவில் பந்தயம் ஒன்றில் வென்ற 'குவீன் லத்தீபா' என்னும் பெண்குதிரையின் சோதனையில் புரோகெய்ன் காணப்பட்டது. அது உடலை மரத்துப்போகச் செய்யும் மருந்து. செய்தி காவல்துறை விசாரணை வரை சென்றது. அமெரிக்காவில் 2021 மே மாதம் கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த 'மெதினா ஸ்பிரிட்' குதிரையின் குருதியில் பீட்டாமெத்தசோன் இருந்தது. தோல் நோய்க்குத் தடவிய களிம்பால் நேர்ந்தது என்றனர் பயிற்சியாளர் தரப்பினர். ஆயினும் 2022 பிப்ரவரியில் அவ்வெற்றி பறிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், பயிற்சி ஓட்டத்தின்போது அக்குதிரை மாண்டுபோயிற்று. மருந்துதான் அதனைக் கொன்றது என மெய்ப்பிக்கப்படவில்லை. அவ்வாறு கூறுதல் முறையுமன்று.

மருந்து எவ்வழியில் புகுந்தாலும் பயிற்சியாளரே பொறுப்பு என்பது பல நாடுகளின் பந்தய விதி. 'அறியாது நேர்ந்ததற்கும் தண்டனையா?' என்று கேட்பது நியாயமான கேள்வியே. தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, பிரமாதம் எனப்படும் சோர்வோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு செய்தலையே குறிக்கின்றது. விழிப்போடு ஒழுகுபவனிடம் எண்ணாது நேர்ந்த தீங்கு இம்சையாகாது. அங்ஙனமாயின் அவ்விதி அறத்துக்கு முரணோ?

இங்கு இரண்டினைப் பிரித்தறிதல் வேண்டும். பரிசைத் திருப்பி வாங்குவது, தகாத வழியில் வந்த பொருளை அதற்கு உரியவரிடம் சேர்ப்பதாகும். அதற்கு உள்நோக்கத்தை ஆராய வேண்டியதில்லை. பழி சுமத்துவதோ வேறு. அதற்குச் சோர்வு இருந்ததா என்று பார்த்தே ஆகவேண்டும். ஆனால் வாயில்லா உயிரைத் தன் பொறுப்பில் ஏற்றவன், அதன் தீவனத்தையும் மருந்தையும் அறியாதிருத்தலே பெரும்பாலும் சோர்வாகிவிடுகின்றது.

குதிரைப் பந்தயம் சூதன்று, திறன் சார்ந்தது என 1996இல் நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் நோக்கு அது. அத்திறனையே மருந்து பொய்யாக்கும்போது, எஞ்சுவது பொருளாசையும் ஓர் உயிரின் துன்பமுமே.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியிலும் வினை வந்து சேரும் என்பது நம் முன்னோர் காட்டிய நெறி. உலகச் சட்டமும் இப்பக்கம் நகர்ந்து வருகின்றது. 2020 மார்ச்சில் அமெரிக்க அரசு இருபதுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குத் தொடுத்தபோது, பயிற்சியாளரோடு கால்நடை மருத்துவர்களும் மருந்து வழங்கியோரும் அதில் இருந்தனர். எனினும் உடன்பட்டவரைச் சட்டம் முழுதும் தொடுவதில்லை. கூட்டத்தில் நின்று கைதட்டியவருக்கு எந்த நீதிமன்றமும் அழைப்பாணை அனுப்பாது. அங்கு அவரவர் நெஞ்சமே நீதிமன்றம்.

'நம் வீட்டில் எவரும் பந்தயத்துக்குச் செல்வதில்லை' என்று நாம் அமைதி கொள்ளலாம். ஆனால் நாம் வாங்கும் பால், ஆக்ஸிடோசின் ஊசியிட்டுக் கறக்கப்பட்டதா என்று கேட்டிருக்கின்றோமா? மலிவாகக் கிடைத்தால் போதும் என்று வாளா இருப்பதும் உடன்பாடே. கொல்லாமை அணுவிரதத்தின் குற்றங்கள் ஐந்தனுள் மிகைப்பாரம் ஏற்றுதலும் ஒன்று. முதுகில் ஏற்றும் மூட்டை மட்டுமா பாரம்? உடல் தாங்காத வேகத்தையும், மடி தாங்காத சுரப்பையும் ஊசியால் ஏற்றுவதும் பாரந்தான்.

மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனம் குதிரை. அவர் திருமுன் நின்று வணங்கும் நாம், பாற்காரரிடம் நாளைக் காலை அவ்வொரு கேள்வியைக் கேட்போமாக. கேட்பதும் விரதத்தின் ஒரு பகுதியே.

— ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவாலங்காடு