அவர் நின்று கேட்டார்



பிப்ரவரி 5, கன்னியும் மறைச்சாட்சியுமான புனித ஆகத்தாவின் நினைவு நாள். உரோமைப் பேரரசர் தேசியுஸ் காலத்தில், 251ஆம் ஆண்டையொட்டி, சிசிலித் தீவின் கத்தானியாவில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர். அவருடைய மார்பை அறுத்து வதைத்தார்கள் என்கிறது மரபு. அறுபட்ட மார்பைத் தட்டில் ஏந்தி நிற்பவராகவே ஓவியர்கள் அவரை வரைந்தார்கள். மார்பகப் புற்றுநோயாளர்களுக்கு அவர் பாதுகாவலி.

அவர் ஏந்தி நிற்பதை நம் வீடுகளில் மறைக்கிறோம். மார்பில் கட்டி; வலி இல்லை; அதனால் சொல்வதில்லை. கணவரிடம் சொல்லக் கூச்சம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் வெளியே தெரிந்தால் என்னாகுமோ என்ற பயம். தெரிந்துவிட்டாலோ, யார் செய்த பாவமோ என்ற பேச்சு. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு சீடர்களும் அதைத்தான் கேட்டார்கள். பாவக் கணக்கு பார்க்க இயேசு ஒப்பவில்லை.

மாற்கு நற்செய்தியில், 12 ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணைப் பாருங்கள். பல வைத்தியரிடம் போய், கையிருப்பெல்லாம் கரைந்து, நோய் கூடியதுதான் மிச்சம். கீமோவுக்கும் கரண்ட் வைப்பதற்கும் நகையை அடகு வைத்த வீடுகளுக்கு இது புதிய கதையல்ல. கூட்டத்தோடு கூட்டமாய்ப் பின்னால் வந்து ஆடையைத் தொட்டார், நோய் நின்றது. யாருக்கும் தெரியாமல் போயிருக்கலாம். இயேசுவுக்கோ அவசரம், யாயிர் என்பவரின் மகள் சாகக் கிடக்கிறாள். ஆனாலும் நின்றார். தொட்டது யாரென்று கேட்டார். நடுங்கியபடி வந்த அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, மகளே என்றார். உடலின் நோய் தொட்டபோதே தீர்ந்தது. 12 ஆண்டுத் தனிமை, சொல்லி முடித்தபோதுதான் தீர்ந்தது.

முடி கொட்டியபின் முக்காடிட்டுக் கடைசி வரிசையில் அமரும் சகோதரியே, அழுவது விசுவாசக் குறைவல்ல. கெத்சமனியில் ஆண்டவரும் கலங்கினார். மருந்தைக் கைவிட்டுத்தான் செபிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நோயில்பூசுதலை அவஸ்தைப்பூசுதல் என்று சொன்ன பழைய நினைப்பில், அது சாகப்போகிறவர்களுக்கு என்று அஞ்சாதீர்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள், வருகிறேன்.

அன்பியத்தாரே, நோயுற்றவரிடம் அவரைவிட மோசமான நிலையில் இருப்பவர்களின் கதையைச் சொல்லப் போகாதீர்கள். கை தூக்க முடியாத நாள்களில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வையுங்கள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள். சிகிச்சை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். பலருக்கு மாத்திரை ஆண்டுக்கணக்கில் தொடரும். ஒவ்வொரு பரிசோதனைக்கு முந்தின இரவும் தூக்கம் இராது. அந்த மாலையில் அவர் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், அவர் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.

யாயிரின் வீட்டுக்குப் போகும் அவசரத்திலும் ஆண்டவருக்கு அதற்கு நேரம் இருந்தது. ஆமென்.