பிள்ளைகள் நடக்கிற நடை

வேத பகுதி: ஆதியாகமம் 33:12-17



யாக்கோபு 20 வருஷம் லாபானிடத்தில் உழைத்து, மனைவிகள், பிள்ளைகள், ஆடுமாடுகள் என்று பெரிய கூட்டமாய்க் கானானுக்குத் திரும்பி வருகிறான். எதிரே ஏசா 400 பேரோடு வருகிறான். அழுகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் முடிந்தபிறகு, வா, சேர்ந்தே போகலாம், நான் முன்னே நடக்கிறேன் என்கிறான் ஏசா. நல்ல மனசோடுதான் கூப்பிடுகிறான். யாக்கோபு என்ன சொன்னான் தெரியுமா? பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள், கறவையான ஆடுமாடுகளும் கூட இருக்கின்றன, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும், நீங்கள் முன்னே போங்கள், நான் இவர்கள் நடைக்கு ஏற்றபடி மெதுவாய் வந்து சேருகிறேன் என்றான்.

அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வயசு? கணக்குப் போட்டுப் பாருங்கள். லாபானிடத்தில் 7 வருஷம் வேலைசெய்த பிறகுதான் யாக்கோபுக்குக் கலியாணம். யோசேப்பு பிறந்தது 14 வருஷம் முடிகிற சமயத்தில். அதற்குப்பின் இன்னும் 6 வருஷம். அப்படியானால் யோசேப்புக்கு ஆறு வயசு. மூத்தவன் ரூபனுக்கு மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. பென்யமீன் இன்னும் பிறக்கவில்லை. 11 பையன்கள், தீனாள் என்று ஒரு பெண்பிள்ளை. ஒரு முழு துவக்கப்பள்ளியே அந்த மனுஷன் பின்னாலே நடந்து வந்துகொண்டிருந்தது!

இந்தப் பகுதியை இன்றைக்கு ஏன் எடுத்தேன் என்றால், 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டு, நம் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரை படிக்கிற பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திரும்பப் போனார்கள். அந்த ஒன்றரை வருஷத்தில் தங்கள் பிள்ளை என்ன படிக்கிறது, என்ன படிக்கவில்லை என்று அநேக பெற்றோர் முதல்தடவையாகக் கண்ணால் பார்த்தார்கள். அதிலே சிலர், "பாஸ்டர், இனி நாங்களே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறோம்" என்று தீர்மானித்தார்கள். இப்போது வேறு சிலரும் யோசிக்கிறார்கள். எல்லாரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்தப் பாடத்திட்டத்தை வாங்குவது?

புஸ்தகத்துக்கு வருமுன்னே ஒரு காரியம். வீட்டில் படிக்கிற பிள்ளை பரலோகம் போகும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கெட்டுப்போகும் என்று யாராவது பிரசங்கம் பண்ணினால் நம்பாதேயுங்கள். மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களையும் படித்தவன் (அப். 7:22). தானியேல் பாபிலோன் அரண்மனையில் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் படித்தான். அவனுக்கு மறுக்கத் தெரியாமல் இல்லை. ராஜாவின் போஜனத்தை மறுத்தான், புஸ்தகத்தை மறுக்கவில்லை. இன்னொரு பக்கம், தீமோத்தேயு பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் சிறுபிராயத்திலேயே வேதத்தைக் கற்றவன். இரண்டு வழியிலும் கர்த்தர் மனுஷரை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். ஆகையால் அடுத்த வீட்டு விசுவாசி செய்கிறார் என்பதற்காக நீங்களும் செய்ய வேண்டியதில்லை.

சரி, வீட்டில்தான் என்று ஜெபித்துத் தீர்மானித்துவிட்டீர்கள். அடுத்து என்ன நடக்கிறது? கடல்தாண்டி ஒரு பெட்டி வருகிறது. டாலர் கணக்கில் விலை, அதற்குமேல் கப்பல் கூலி. பெட்டியைத் திறந்தால் வழவழ தாளில் அழகழகான புஸ்தகங்கள். பக்கத்துக்குப் பக்கம் வேதவசனம். தாயாருக்கு ஒரே சந்தோஷம்.

இந்தப் புஸ்தகங்கள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.சி.இ. என்பது 1970-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கினது. ஒரு பாடத்துக்கு ஒரு வருஷத்துக்கு 12 சிறு புஸ்தகங்கள். பிள்ளை தானே வாசித்து, தானே எழுதி, விடைப்புஸ்தகத்தைப் பார்த்துத் தானே திருத்தவும் வேண்டும். வாசிக்கத் தெரிந்த, பொறுப்புள்ள பத்து வயசுப் பிள்ளைக்கு அது நன்றாக உதவும். எழுத்துக்கூட்டுகிற பிள்ளைக்கு உதவாது, தாயார் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும். அபேகா என்கிறது ஃப்ளோரிடாவிலிருந்து வருகிறது. ஒலியைச் சொல்லி எழுத்தைக் கூட்டி வாசிக்கவைப்பதில் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் வேகம் அதிகம், எழுத்துவேலையும் அதிகம். இவை இரண்டுக்கும் நேர் எதிர்ப்பக்கம் சார்லட் மேசன் அம்மையாருடைய முறை. 1842-ல் பிறந்து 1923-ல் மரித்த இங்கிலாந்து தேசத்து ஆசிரியை. ஆறு வயசுக்கு முன்னே ஒழுங்கான பாடமே வேண்டாம், வெளியே விடுங்கள், மரத்தையும் பறவையையும் பார்க்கட்டும் என்றார்கள். பாடம் தொடங்கினபிறகும் ஒவ்வொன்றும் இருபது நிமிஷத்துக்குள் முடியவேண்டும், வாசித்துக் காட்டினதைப் பிள்ளை தன் வாயால் திரும்பச் சொல்லவேண்டும். என் மனசுக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு இந்த அம்மா சொன்னதுதான் யாக்கோபின் நடைக்குக் கிட்ட இருக்கிறது. செலவும் குறைவு.

நம் சபையில் ஒரு சகோதரி. புருஷன் வளைகுடாவில் வேலை. ஐந்து வயசுப் பையனுக்கு முழு வருஷத்துப் பெட்டியையும் வரவழைத்தாள். காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் 1 மணி வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது, ஏனென்றால் ஆசிரியர் கையேட்டில் இன்றைக்கு 14-ம் பாடம் முடியவேண்டும் என்று போட்டிருக்கிறது. மூன்றாம் மாசம் அந்தப் பையன் புஸ்தகத்தைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தான். மாமியார் ஒருபக்கம், "பேசாம ஸ்கூல்ல போட்டிருக்கலாம்ல" என்கிறார்கள். சகோதரி என் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதாள். "பாஸ்டர், கர்த்தர் கொடுத்த பொறுப்பில் நான் தோற்றுப்போனேனா?"

நான் கேட்டேன்: "அம்மா, அந்தக் கையேட்டை எழுதினவர் உன் பிள்ளையைப் பார்த்திருக்கிறாரா?" பார்த்ததில்லை. அவர் ஏசாவைப்போல முன்னே நடக்கிறவர். நல்லவர்தான், சகோதரன்தான், ஆனால் அவர் பின்னால் 400 பேர் திடகாத்திரமாய் நடக்கிறார்கள், உன் பின்னால் ஐந்து வயசுக் கால்கள் நடக்கின்றன. பெட்டியை நான்கு வாரம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு என்றேன். அந்த நான்கு வாரத்தில் பையன் பஸ் பலகையையும் மளிகைக்கடைப் பெயரையும் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தான். தமிழில்!

இதிலே தமிழைப்பற்றி ஒரு பாரம் எனக்கு உண்டு. அமெரிக்கப் புஸ்தகத்தில் படிக்கிற நம் பிள்ளைக்கு சென்ட்டும் டைமும் தெரிகிறது, பனிமனுஷன் தெரிகிறது, 1620-ல் கப்பலில் அமெரிக்கா போன பக்தர்கள் தெரிகிறது. பத்து ரூபாய் கொடுத்துப் பாக்கி வாங்கத் தெரியவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்குவைத் தெரியவில்லை. இருபத்துநாலு வயசு ஆகுமுன்னே கப்பலை விட்டு இறங்கின அந்த ஜெர்மானியர், நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அவர் மணலில் கற்ற எழுத்தை நம் பிள்ளை விட்டுவிட்டால், பாட்டி கையில் இருக்கிற வேதாகமத்தை எப்படி வாசிக்கும்? ஞாயிற்றுக்கிழமை வசனம் வாசிக்கச் சொன்னால், சில பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவைத்து வாசிக்கிறதைப் பார்க்கிறோமே!

247 எழுத்து என்று பயப்பட வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் வந்துவிட்டால் மீதியெல்லாம் கொம்பும் காலும் விசிறியும்தான். முதலில் ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துக்களைச் சொல்லிக்கொடுங்கள். படம், பட்டம், மடம் என்று முதல் வாரத்திலேயே பிள்ளை வாசித்துவிடும். தமிழ்நாடு அரசின் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் புஸ்தகங்கள் காசில்லாமல் இணையத்தில் கிடைக்கின்றன. படம் நன்றாக இருக்கும், கணக்கில் நம் ரூபாய், நம் காய்கறி இருக்கும். வேதவசனம் அதில் இல்லையே என்பீர்கள். வசனத்தை நீங்கள் சொல்லுங்கள்! கூட்டல் கணக்குக்குக் கீழே ஒரு வசனத்தை அச்சடித்துவிட்டால் அந்தக் கணக்கு இரட்சிக்கப்பட்டுவிடாது. உபாகமம் 6-ம் அதிகாரத்தில் கர்த்தர் கொடுத்த பாடவேளையைப் பாருங்கள்: வீட்டில் உட்காரும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. இதில் எங்கே மேஜை நாற்காலி? அதே அதிகாரத்தின் கடைசியில், பிள்ளை கேள்வி கேட்கும்போது தகப்பன் பதில் சொல்லவேண்டும் என்று இருக்கிறது. பிள்ளை முதலில் கேட்கட்டும் என்று கர்த்தரே விட்டிருக்கிறார்.

ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா அம்மையாரைச் சொல்லாமல் விட முடியாது. 19 பிள்ளைகளைப் பெற்று, 9 பிள்ளைகளைக் குழந்தைப் பருவத்திலேயே புதைத்து, மீதிப் பிள்ளைகளுக்கு எப்வொர்த் போதகர் வீட்டிலேயே பள்ளி நடத்தினவர்கள். பிள்ளைக்கு ஐந்து வயசு முடிந்த மறுநாள் பாடம் தொடங்கும். அதற்கு முன்னே இல்லை. ஒரே நாளில் எழுத்துக்கள் அத்தனையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், அடுத்து ஆதியாகமம் முதலாம் அதிகாரம். பிள்ளைகளில் இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. அந்த அம்மா அப்போது அவர்களை மந்தம் என்று நினைத்தார்களாம்! மற்ற வீட்டுப் பிள்ளைகள் எத்தனை காலம் எடுக்கிறார்கள் என்று பார்த்தபிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டதாகத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே புஸ்தகம், அதிலும் பிள்ளைக்குப் பிள்ளை நடை வேறு.

ஆகையால் வாங்குமுன்னே பிள்ளையைப் பாருங்கள். மாதிரிப் பாடங்களை வைத்து இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். ஆறு வயசுப் பிள்ளைக்குக் காலையில் ஒன்றரை மணிநேரம் போதும்: கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஆங்கிலம், நடுவிலே ஓட விடுங்கள். மீதி நேரம் கதை கேட்கட்டும், பயறு உருட்டட்டும், அம்மாவோடு காய் நறுக்கட்டும். பிரம்பைப்பற்றின வசனத்தைச் சில தகப்பன்மார் கணக்குப் பாடத்தில் எடுக்கிறார்கள். அந்த வசனம் மூடத்தனத்தைப்பற்றினது. ழகரம் வராததற்கு அடி என்று எந்த நீதிமொழியிலும் இல்லை.

தகப்பன்மாரே, எபேசியர் 6:4-ல் பவுல் யாரைக் கூப்பிடுகிறார்? தாய்மாரை அல்ல. வீட்டுப்பள்ளி வேண்டுமென்று வைராக்கியமாய்ப் பேசுகிறவர் நீங்கள், ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவரும் நீங்கள். சமையல், துணி, கைக்குழந்தை, அதோடு பள்ளிக்கூடமும் அந்தச் சகோதரி தலையில். ராத்திரி அரைமணிநேரம் கணக்கை நீங்கள் எடுங்கள். சனிக்கிழமை பிள்ளைகளைக் கடற்கரைக்கோ தோட்டத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு மனசில்லை என்றால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள், மனைவியாவது சுகமாய் இருப்பாள்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் இருக்கிறது, சேர்க்காத பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை சொல்லப்படவில்லை. வீட்டில் படித்த பிள்ளை பின்னால் பள்ளிக்கு வந்தால் வயசுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும் என்றும் இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயசானால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஆகையால் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பிள்ளை எழுதின நோட்டுகள் எல்லாவற்றையும் தேதிபோட்டுப் பத்திரமாய் வையுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று காகிதத்தைத் தொலைக்கிறது விசுவாசம் அல்ல, அலட்சியம்.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபிறகு, அரசாங்கத்து ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் புஸ்தகங்களையும், நான் மேலே சொன்ன புஸ்தகங்களில் சிலவற்றையும் ஆலய மேஜையில் வைத்திருப்போம். அந்தச் சகோதரியின் பெட்டியும் வருகிறது. தேவையானவர்கள் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு பக்கத்தைப் பிள்ளை வாசித்துப் பார்த்தபிறகு பணத்தை எடுங்கள். தகப்பன்மாரும் வரவேண்டும்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் அன்புச் சகோதரன்