நான்கு விரற்கடை

காசியைத் தரிசித்துவிட வேண்டும் என்று என் தாயார் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை நிறைவேற்றும் பொருட்டு, சென்ற மார்கழியில் ஒரு மாலை, சென்னையிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் விமானத்தில் இருவருக்கும் சீட்டு எடுக்கக் கணினியின் முன் அமர்ந்தேன். ஆளுக்கு 5,499 ரூபாய் என்று பெரிய எழுத்தில் கண்டதை நான் வாய்விட்டுப் படிக்கக் கேட்ட அம்மா, உள்ளே சென்று, தமது ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 11,000 ரூபாயை எண்ணி, ஓர் உறையிலிட்டு மேஜைமேல் வைத்தார்.

பெயர், வயது, கைபேசி எண் யாவும் எழுதி முடித்தபின், அடுத்தடுத்த இருக்கை வேண்டுமாயின் தலைக்கு 350 ரூபாய் என்றது திரை. காப்புறுதிக்குத் தலைக்கு 249 ரூபாய், நான் கேளாமலே சேர்ந்திருந்தது; அதை நீக்கவோ, பாதுகாப்பின்றிப் பிரயாணம் செய்வதாக நானே ஒப்புக்கொள்வது போன்ற வாசகத்தைத் தொட வேண்டியிருந்தது. பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் 'சௌகரியக் கட்டணம்' தலைக்கு 400 ரூபாய் வந்து நின்றது. காப்புறுதியை நீக்கியும் மொத்தம் 12,498 ரூபாய்.

ஒவ்வொரு தொகையும் எங்கோ ஓரிடத்தில் எழுதப்பட்டே இருந்தது. தனித்தனியே மெய்யான வாசகங்கள் ஒன்றுகூடிப் பொய்யாக முடியுமா என்ற வினாவே அன்று முதல் என்னை உறுத்திவருகிறது.

குருக்ஷேத்திரத்தில், அசுவத்தாமன் என்னும் பெயருடைய யானையைப் பீமன் கொன்றுவிட்டு வந்தபின், தம் மகன் மாண்டது மெய்தானா என்று துரோணர் தருமபுத்திரரை நம்பிக் கேட்டபோது, அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரக்கவும், யானை என்பதை மெல்லவும் அவர் சொன்னார். சொல்லில் பிழையில்லை. ஆயினும், அதுவரை பூமிக்கு நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவருடைய ரதம் மண்ணில் இறங்கியது என்கிறது பாரதம். சொன்னவரின் வார்த்தையை விட்டுவிட்டு, கேட்டவரின் மனத்தில் அது விளைவித்த எண்ணத்தைக் கொண்டே சத்தியத்தை அளந்த அந்த நுட்பத்தை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

விமானக் கம்பெனிகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். உணவு வேண்டாதவன் பிறனுடைய உணவுக்குப் பணம் தர வேண்டியதில்லை என்பது தர்மத்துக்கு விரோதமன்று. அந்த ஏற்பாட்டால்தான் பலர் முதன்முறையாக ஆகாயத்தில் ஏறினார்கள். ஆனால் எவ்விதத்திலும் தவிர்க்க முடியாத தொகை விலையின் ஒரு பாகமேயன்றி வேறென்ன? முழு விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்றும், விருப்பச் சேவைகளைப் பயணி தாமே தெரிந்தெடுக்க வேண்டும் என்றும் ஐரோப்பிய ஒன்றியம் 2008-லேயே விதித்துவிட்டது. நம் அரசு 2023 நவம்பரில் விலக்கிய 13 தந்திரங்களுள், விலையைத் துளித்துளியாக வெளியிடுவதும், கேளாததைக் கூடையில் நுழைப்பதும், மறுப்பவனை நாணச் செய்வதும் அடங்கும். விமானச் சீட்டையே அந்த விதிகளில் உதாரணமாகவும் காட்டியிருக்கிறார்கள்.

அந்த முதல் விலையைக் கேட்டு மனம் துணிந்து, இத்தனை விவரங்களையும் எழுதிக் களைத்த பின்னரே தாழ்ந்த குரல் நம் காதில் விழுகிறது. துரோணரும் அதற்குள் வில்லைக் கீழே வைத்துவிட்டார்.

நானும் வைத்தேன். குறைந்த 1,498 ரூபாயை அம்மாவுக்குத் தெரியாமல் சேர்த்துச் செலுத்தினேன். "சரியாப் போச்சாப்பா?" என்று கேட்டார். "சரியாப் போச்சும்மா" என்றேன். பிறர்க்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த இலக்கணம் எனக்கும் இடங்கொடுக்கும் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். ஆயினும் காசியில், கேதார கட்டத்துப் படியில் ஈரப் புடைவையுடன் அவர் அமர்ந்திருந்தபோது, அதை மேலும் மறைக்க மனம் வராமல் சொல்லிவிட்டேன். கங்கையைப் பார்த்தபடியே சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார்.