பிறர் உடுத்த ஆடை

திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர்களுக்கு இன்று பழைய பொருள் வாங்கச் சாலைக் கடைவீதிவரை செல்லும் அவசியம் இல்லை. கைப்பேசியைத் திறந்தால் போதும். ஒருவர் இருமுறை அணிந்து ஒதுக்கிய பருத்திச் சட்டை, எவருடைய பாட்டியோ உடுத்திய பாலராமபுரத்துக் கசவுப் புடவை, களிம்பேறிய கிண்டி, விளிம்பு தேய்ந்த உருளி, ஊறுகாய்ப் பரணி என யாவும் படத்துடன், விலை குறிக்கப்பட்டுக் காத்திருக்கின்றன. பணம் அனுப்பினால் சில நாட்களில் பொட்டலம் வாசலுக்கு வந்துவிடும்.

பழைய பொருள் வாணிபம் நமது நாட்டிற்குப் புதிதன்று. பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் கூடையுடன் தெருத்தெருவாக வந்ததைப் பலரும் அறிவர். வெள்ளிச் சரிகைக்காகப் பழைய பட்டுப்புடவையை எடைபோட்டு வாங்குவோர் இன்றும் தமிழகத்து ஊர்களில் உள்ளனர். அன்றெல்லாம் பழைய துணி வசதியுள்ள வீட்டை விட்டு வெளியேறியது. இன்று அதே வீட்டிற்குள் நுழைகிறது. திசை மாறியதுதான் புதுமை. அங்கேதான் வீட்டுப் பெரியவர்களின் மனம் துணுக்குறுகிறது. பேத்தி பொட்டலத்தைப் பிரிக்கும்போது, "இது யார் உடுத்தியதோ அம்மா?" என்று பாட்டி கேட்கிறாள். "துவைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள், பாட்டி" என்கிறாள் பேத்தி. ஆனால் பாட்டி கேட்டது அழுக்கைப் பற்றியன்று.

பாட்டியின் தயக்கத்திற்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. பிறர் பயன்படுத்திய செருப்பு, ஆடை, பூணூல், ஆபரணம், மாலை, நீர்க்குடம் ஆகியவற்றைத் தான் பயன்படுத்தலாகாது என்று மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் விதிக்கிறது. உடலோடு ஒட்டியிருந்த பொருளில் அதை அணிந்தவரின் இயல்பும் ஒட்டியிருக்கும் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கலாம். சுகாதார நோக்கும் இருக்கலாம். எதுவாயினும், அதே நூலின் பத்தாம் அத்தியாயத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அங்கே உண்டு மீந்த உணவும் பழைய ஆடையும் ஏவல் செய்யும் சூத்திரனுக்குத் தரப்பட வேண்டும் என்று கூறப்படுகிறது. தனக்கு ஆகாதது என்று ஒருவன் விலக்கும் ஆடை, மற்றொருவனுக்கு மட்டும் எப்படி ஆகும்? அணிந்தவரின் இயல்பு ஆடையில் ஒட்டுமென்றால் ஏழையின் உடலில் மட்டும் அது ஒட்டாதா? இவ்விதியைத் தூய்மை என்ற சொல்லால் மட்டும் காப்பாற்றிவிட முடியாது. ஸ்மிருதிகள் காலத்திற்கேற்ப மாறுபவை, சுருதி காட்டும் உண்மையே என்றும் மாறாதது என்று ஆன்றோர் வகுத்தது இத்தகைய இடங்களுக்காகவே.

இதற்கு நேர் எதிரான வேறொரு மரபும் இம்மண்ணிலேயே தோன்றியது. குப்பையிலும் மயானத்திலும் கிடந்த கந்தலைப் பொறுக்கி, துவைத்து, தைத்து, சாயமேற்றி உடுத்துவது பௌத்த பிக்ஷுக்களிடையே மேலான விரதமாகப் போற்றப்பட்டது. பிறர் உடுத்தியது என்பது அவர்களுக்கு இழிவாக இல்லை. எவரும் சொந்தம் கொண்டாடாதது என்பதே அதன் சிறப்பாயிற்று.

பௌத்த விநய நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கோசாம்பி நகரத்து மன்னன் உதயணனின் அரசியர் ஆனந்தரின் உபதேசத்தைக் கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு ஆடைகளைக் காணிக்கையாகத் தந்தனர். மன்னனுக்கு ஐயம் எழுந்தது: இத்தனை ஆடைகளை வைத்துக்கொண்டு துறவி என்ன செய்வார், துணிக்கடை வைக்கப்போகிறாரா? நேரிலேயே சென்று கேட்டான். ஆடை நைந்துபோன பிக்ஷுக்களுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அவர்களது பழைய ஆடைகளை என்ன செய்வீர்கள்? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தைக்கு உறையாக்குவோம். பழைய உறைகளை? தரைவிரிப்பாக்குவோம். அவையும் பழசானால்? கால்துடைக்கும் துணியாகும், பின்னர் தூசு தட்டும் துணியாகும், அதுவும் கிழிந்தபின் துண்டு துண்டாக்கி, களிமண்ணோடு குழைத்துத் தரை மெழுகுவோம். மன்னன் மனம் நிறைந்து மேலும் ஐந்நூறு ஆடைகளை வழங்கினான்.

மன்னனின் கேள்வி கூர்மையானது. ஒருவர் பெற்ற பொருளைப் பற்றியன்றி, அவர் கழித்த பொருளைப் பற்றியே அவன் மீண்டும் மீண்டும் கேட்டான். ஒரு மனிதரின் பற்றையும் பற்றின்மையையும் அளக்க இதைவிட நல்ல கேள்வி அரிது.

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் உடலை விட்டு நீங்கும் ஆன்மா, பழைய ஆடையைக் களைந்து புதியதை அணியும் மனிதனுக்கு ஒப்பிடப்படுகிறது. அங்கே ஆடைக்குச் சொல்லப்படும் அடைமொழி 'ஜீர்ண' என்பது. உண்ட உணவு ஜீரணமாகிறது என்று சொல்லும் அதே வேர்ச்சொல்தான். தன் பணியைச் செய்து முடித்துத் தேய்ந்தது என்று அதற்குப் பொருள். அலுத்துப்போனது என்றன்று. இன்று பெட்டியிலிருந்து வெளியேறும் ஆடைகளில் எத்தனை ஜீர்ணமானவை? ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைவித்து ஆடையாக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று மதிப்பிடுகின்றனர். அச்சட்டை இருமுறை உடுத்தப்பட்டு ஒதுக்கப்பட்டால் அந்த நீரும், உழவரின் உழைப்பும், தையல்காரரின் கண்ணொளியும் செரிக்கப்படாமலே வீசப்படுகின்றன. அந்த அளவில், பேத்தி வாங்கிய பழைய சட்டை ஒரு நற்செயல். பாதியில் கைவிடப்பட்ட ஆடையின் ஆயுளை அவள் நிறைவு செய்கிறாள்.

ஆனால் அவள் எத்தனை வாங்கினாள் என்பதையும் கேட்டாக வேண்டும். மலிவு என்பதாலும், இத்தகையது ஒன்றே ஒன்றுதான் உள்ளது, தாமதித்தால் மற்றொருவர் கொண்டுபோய்விடுவார் என்பதாலும் தேவையற்றவை வந்து குவிகின்றன. பழையது வாங்குவதால் உலகுக்கு நன்மை செய்கிறோம் என்ற எண்ணம் வேறு மனத்தின் காவலைத் தளர்த்திவிடுகிறது. ஆசை எளிய வேடத்திலும் வரும். ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய கதையில் சாதுவின் சம்சாரம் எதிலிருந்து தொடங்கியது? ஒரு கௌபீனத்திலிருந்து. அதைக் கடிக்கும் எலிக்காகப் பூனை, பூனைக்குப் பாலுக்காகப் பசு, பசுவுக்காக நிலம் என்று அது வளர்ந்தது.

வீட்டுப் பொருள்களின் கதை இன்னும் சிக்கலானது. உருளியும் நிலவிளக்கும் நெல் அளக்கும் பறையும் ஏன் இத்தனை விற்பனைக்கு வந்தன? திருவிதாங்கூரில் 1925-ஆம் ஆண்டின் நாயர் சட்டம் தரவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழிசெய்தது. கேரளத்தின் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1975-இல் இயற்றப்பட்டு 1976 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. பாகம் பிரிந்தபோது நூறு பேருக்குப் பாயசம் காய்ச்சிய உருளியை எந்தச் சிறு குடும்பம் வைத்துக்கொள்ளும்? வீடுகள் பிரிக்கப்பட்டன, மரமும் பித்தளையும் சந்தைக்கு வந்தன. செட்டிநாட்டு மாளிகைகளின் பொருள்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்ததும் இதைப்போன்றதே. இன்று அந்த உருளி அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில் நீர் நிரப்பப்பட்டுச் செம்பருத்தி மிதக்க நிற்கிறது. அதில் பிழையில்லை. ஆயினும் வேறொரு குடும்பத்தின் பூர்விகத்தைத் தன் பூர்விகம்போல் காட்ட வாங்கியதாக இருந்தால், அங்கே வாங்கப்பட்டது பாத்திரமன்று, பெருமை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், வார்ப்பு முதலியவை தொல்பொருளாகும். உரிமம் இன்றி அவற்றை வாணிபம் செய்யலாகாது. கோயிலின் பெயர் பொறித்த விளக்கு ஒன்று விலைக்கு வந்தால், அது எப்படி வெளியே வந்தது என்று கேட்காமல் வாங்குபவர் அஸ்தேய விரதத்தைக் காத்தவர் ஆகமாட்டார். பாட்டியின் "யார் உடுத்தியதோ" என்ற கேள்வி இங்கே முற்றிலும் பொருத்தமானது. தீட்டு என்ற இடத்திலிருந்து அதைப் பெயர்த்து நியாயம் என்ற இடத்தில் வைத்தால் அது பேத்திக்கும் உதவும்.

கொடுப்போரின் பக்கமும் இருக்கிறது. சுவாமி விவேகானந்தர் 1892 டிசம்பரில் இந்நகருக்குப் பரிவிராஜகராக வந்து பேராசிரியர் சுந்தரராம ஐயரின் வீட்டில் தங்கினார். தருமம் பெற ஒருவர் இருப்பதற்காகக் கொடுப்பவரே நன்றி செலுத்த வேண்டும் என்பது பின்னாளில் அவர் வலியுறுத்திய கருத்து. அன்ஷு குப்தா 1999-இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பழைய துணியைப் பிச்சையாகத் தருவதில்லை. கிராம மக்கள் தாங்களே கூடிக் குளம் தூர்வாருவது, பாதை அமைப்பது போன்ற பொதுப்பணிகளைச் செய்து அதற்கான மதிப்பாகத் துணியைப் பெறுகின்றனர். 2015-இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. பத்தாம் அத்தியாயத்தின் பழைய ஆடையும் இந்த ஆடையும் நூலால் ஒன்றே. கைமாறும் விதத்தால் வேறு.

அன்னை ஸ்ரீசாரதாதேவியார் வாழ்ந்த வீட்டில், பழங்கள் வந்த மூங்கில் கூடை ஒன்றைக் காலியானதும் தெருவில் வீசிவிட்டார்கள். அதைக் கண்ட அன்னை, அதை எடுத்துவரச் செய்து கழுவி வைத்தார். காய்கறித் தோல் போட்டு வைக்கவாவது ஆகுமே என்பது அவரது எண்ணம். எதையும் தமக்கெனச் சேர்க்காத அன்னைக்கு ஒரு மூங்கில் கூடையும் வீணாகக் கூடாததாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் கும்ப மாதத்து ஆற்றுக்கால் பொங்கலின்போது தெருவெங்கும் பெண்கள் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டுகின்றனர். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு கூறுகிறது. அண்மை ஆண்டுகளில், பொங்கல் முடிந்ததும் அவர்கள் விட்டுச்செல்லும் செங்கற்களை மாநகராட்சி சேகரித்து, ஏழைகளுக்கு வீடு கட்டத் தருகிறது. புகையேறிய அக்கற்கள் பூசப்பட்டுச் சுவராகின்றன. எந்தக் கல்லில் எவருடைய பானை பொங்கியது என்ற கணக்கு எவரிடமும் இல்லை.