தம்பிக்காக உயிர் தாங்கிய தமக்கை



வெள்ளிக்கிழமை மாலைகளில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் இடத்தில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தாயார் மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, "இவனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்க வேணும்" என்பார். வேலையால் நேரே வந்த மகள் பின்னால் பேசாமல் நிற்பாள். தம்பி படிப்பு முடித்து வருடங்கள் போய்விட்டன. பகலில் நித்திரை, இரவில் கணினி. வீட்டுக் கடனுக்குப் பங்கு கொடுப்பவள் அவள். அவன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவுபவளும் அவள். ஏசினால் தாய் அழுகிறார். ஏசாமல் இருந்தால் இவள் நெஞ்சு வேகிறது. இவள் பெயருக்கு யார் அர்ச்சனை செய்வது?

இந்த வேதனையை அறிந்தவர் திலகவதியார். பெரியபுராணம் சொல்லும் வரலாறு நமக்குத் தெரிந்ததே. திருவாமூரில் தந்தை புகழனார் மறைந்தார். தாய் மாதினியாரும் உடன் மறைந்தார். மணம் பேசிய கலிப்பகையார் போரில் வீழ்ந்தார். தாமும் உயிர்விடத் துணிந்த அம்மையார், தம்பி மருணீக்கியார் கதறியதால் அவருக்காகவே உயிர் தாங்கினார். அந்தத் தம்பியோ பின்னர் தமக்கையை விட்டுப் பாடலிபுத்திரம் சென்று சமணரோடு சேர்ந்தார். மருணீக்கியார் சோம்பேறி அல்லர், பெரிய கல்விமான். சமண நெறியைப் பற்றியதும் அல்ல நமது பேச்சு. யாருக்காக வாழ்ந்தாரோ அவரே கை நழுவிப்போக, அந்தத் தமக்கை என்ன செய்தார் என்பதே நமக்குப் பாடம்.

முதலாவது, தம் வாழ்வை நிறுத்தி வைக்கவில்லை. திருவதிகையில் கோயிலைக் கூட்டி, மெழுகி, மாலை தொடுத்துத் தம் கடமையைச் செய்தார். தம்பிக்காக இறைவனிடம் முறையிட்டார்.

இரண்டாவது, சூலை நோயில் துடித்த தம்பி ஆள் அனுப்பியபோது, "அங்கு நான் வாரேன்" என்று மறுத்தார். அன்பில்லாமலா? இல்லை. சமணர் பள்ளிக்குத் தாம் வருவதில்லை என்பதால். எழுந்து வரவேண்டியவர் தம்பியே ஆனார்.

மூன்றாவது, இரவோடு இரவாகத் தம்பி வந்து காலில் விழுந்தபோது பழைய கணக்குப் பார்க்கவில்லை. திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்கு அழைத்துப் போனார். அவரே நாவுக்கரசர் ஆனார். அத்தனை பெரிய புலவர் கையில் பின்னர் இருந்தது என்ன? புல் செதுக்கும் உழவாரம்.

ஆகவே, தம்பியின் ஃபோன் பில்லைக் கட்டுவதும், விசாரிப்போருக்குப் பொய் சொல்வதும் அன்பு ஆகா. "இந்த வீட்டில் இந்த வேலை உன்னுடையது" என்று ஒன்றை ஒப்படையுங்கள். ஞாயிறு அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட அழைத்து வாருங்கள். வந்தால், "இப்பதான் விடிஞ்சதோ?" என்று யாரும் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பது எல்லாம் சோம்பல் அல்ல. மருணீக்கியாரின் சூலை வயிற்றில். நமது பிள்ளைகள் சிலருக்கு அது மனத்தில். குடும்ப டொக்டரிடம் போகச் சொல்லுங்கள், இங்கிலாந்தில் என்.எச்.எஸ். மனநல ஆலோசனைக்கு அவர்கள் தாமாகவே விண்ணப்பிக்கவும் முடியும். உயிரை வெறுத்துப் பேசினால் ஒரு நாளும் தாமதியாமல் 111ஐ அழையுங்கள். உடனடி ஆபத்தென்றால் 999.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. திலகவதியாருக்குத் தாய் தந்தையர் இல்லை; அதனால் தம்பியின் பாரம் முழுவதையும் அவர் சுமந்தார். நமது வீடுகளில் நாம் இருக்கிறோம். மகனிடம் சொல்லவேண்டிய கடும் சொல்லை நாமே சொல்வோம். மகளை இரண்டாவது தாய் ஆக்காதிருப்போம்.

அடுத்த வெள்ளி சீட்டு எழுதும்போது, பின்னால் நிற்பவளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்வோம்.

திருச்சிற்றம்பலம்.